தாய்மாமன் மாலைக்கு நான் போட்ட டிக்

1

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. ஒட்டி ஒரு வருஷம் ஆச்சு. ஒரு மூலையில மஞ்சள் கறை, இன்னொரு மூலையில எண்ணெய். என் பொண்ணு கல்யாணத்துக்கு என்னென்ன வேணும்னு நாப்பத்தியொரு வரி. நாப்பது வரிக்கு எதிர்ல பச்சை மையில டிக் இருக்கு. இருபத்திமூணாவது வரியில மட்டும் டிக் மேல நீலப் பேனாவால அடிச்சிருக்கு. லேசா இல்ல, காகிதம் கிழியற அளவுக்கு. பச்சை டிக் எல்லாம் என் கைவேலை. நீலத்துல அடிச்சது என் தம்பி ஏழுமலை.

போன ஞாயித்துக்கிழமை முதல் வருஷக் கல்யாண நாளுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தாங்க. தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் தொறந்தவ, "ஏம்மா, இதை இன்னும் எடுக்கலயா? அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே"ன்னு கேட்டா. இருக்கட்டும்டீன்னு சொல்லிட்டு ரசத்தை ஊத்தினேன். அவங்க போனப்பறம் பாத்திரம் கழுவிக்கிட்டே அதையே பாத்துக்கிட்டு நின்னேன். எழுதிடலாம்னு தோணுச்சு. ஊர்ல இருக்கறவங்க படிச்சா சிரிப்பீங்க. சிரிங்க, நான் பண்ணது சிரிக்கற மாதிரி வேலைதான்.

நான் ஜெர்மனிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆவுது. ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல சமையலறைப் பொறுப்பு. எண்பது பேருக்கு மூணு வேளை சாப்பாடு. யாருக்கு உப்பு கம்மி, யாருக்கு சக்கரை கூடாது, யாருக்குக் கொழைய வேகணும், எல்லாத்துக்கும் லிஸ்ட். லிஸ்ட் இல்லன்னா எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. எங்க வீட்டுக்காரர் சேகர் பொண்ணுகிட்ட சொல்லுவாரு, "உங்கம்மா மூச்சு விட்டாக்கூட ஒரு டிக் போட்டுட்டுத்தான் அடுத்த மூச்சு விடுவா"ன்னு.

2

என் பொண்ணு பேரு உண்ணாமலை. எங்க ஊரு அம்மன் பேரு. இங்க ஸ்கூல்ல சேத்த மொத வாரமே அது "உன்னா" ஆயிடுச்சு, அப்புறம் வீட்லயும் அதுவே ஒட்டிக்கிச்சு. தமிழ் நல்லாப் பேசுவா, படிக்கத்தான் வராது. ஊருக்குப் போனா பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பா, முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடும்.

அவளேதான் சொன்னா, கல்யாணம் திருவண்ணாமலைலதான்னு. மாப்பிள்ளை பிரவீனுக்கு வேலூர், இங்கதான் வேலை. அவ சொன்னதைக் கேட்டு நான் உருகிப் போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, போட்டோவுக்குப் பின்னாடி மலை நல்லா விழும்னு அவ ஃபிரண்டு யாரோ சொன்னாளாம். பரவால்ல, ஏதோ ஒரு காரணம்.

ஊர்ல தாலி கட்டறதுக்கு முந்தி இங்க ஆபீஸ்ல அலைஞ்ச கதை தனி. அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகலைன்னு ஒரு தாள், அந்தத் தாள் நிஜம்னு இன்னொரு தாள். எங்க வீட்ல எல்லார் பேருக்கும் பின்னாடி சேகர்னுதான் எழுதியிருக்காங்க. கவுன்டர்ல இருந்த அம்மா என்கிட்ட, "கல்யாணத்துக்கு முந்தி உங்க பிறந்த வீட்டுக் குடும்பப் பேர் என்ன?"ன்னு கேட்டா. எங்களுக்கு அப்பிடி ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட மொத எழுத்துதான்னு இருபது நிமிஷம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுட்டா. பிறந்த வீடு இருக்கற எடத்துல ஒரு கோடு. அப்ப எனக்கு அது சிரிப்பாத்தான் இருந்துச்சு.

லீவும் அப்பிடித்தான். பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு நாள், அதுக்கு மேல என் சொந்த லீவுல கழிச்சுக்கணும். மாப்பிள்ளை வீட்ல ஜோசியரைக் கேட்டு மூணு முகூர்த்த நாள் அனுப்பினாங்க. நான் என் லீவு, சேகர் லீவு, உன்னா லீவு, பிளேன் டிக்கெட் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து ஒரு தேதியில வட்டம் போட்டேன். பெருமையா தம்பிக்குப் போன் பண்ணி சொன்னேன்.

ஏழுமலை மொதல்ல தேதியைத் திருப்பிச் சொல்லிப் பாத்தான். அப்புறம், "அக்கா, அதுக்கு மொத நாள் பௌர்ணமிக்கா"ன்னான்.

எனக்கு அப்பவும் உறைக்கல. "நல்ல நாள்தானடா?"ன்னேன்.

"நாள் நல்ல நாள்தான். மாப்ள ஊட்டுக்காரங்க பஸ்ஸைப் போலீஸ்காரன் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். பட்டுப்புடவையும் பொட்டியுமா அவ்ளோ தூரம் நடந்து வருவாங்களா? லாட்ஜுல ரூம் கெடைக்காது. மண்டபத்து வாசல்லயே சனம் கிரிவலம் போயிட்டிருக்கும். மாப்ள அழைப்பு காரை எங்க வுடுவ?" கடைசியா, "நம்ம ஊரு எந்த ஊருன்னு ஞாபகம் இருக்கா?"ன்னான். கோவமா இல்ல, சிரிச்சுக்கிட்டேதான்.

எங்களுக்கு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலயே வீடு. மாசம் ஒரு பௌர்ணமிக்கு எங்கப்பா வாசல்ல டீக்கடை போடுவாரு. நானும் அவனும் கிளாஸ் கழுவிக் கழுவிக் கையெல்லாம் ஊறிப் போயிருக்கும். அடுத்த பௌர்ணமி எப்பன்னு காலண்டர் பாக்காமலே சொல்ற வீட்ல பொறந்தவ நான். வெக்கமாப் போச்சு. அவனே மாப்பிள்ளை வீட்ல பேசி, பத்து நாள் தள்ளி இருந்த முகூர்த்தத்துக்கு மாத்தினான். மண்டபத்துக்கும் அவனே போயி சொல்லிட்டு வந்தான்.

இந்த எடத்துலயே எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரல.

3

திருவண்ணாமலைல கல்யாண கான்ட்ராக்ட் எடுத்துப் பண்ற பாஸ்கர்னு ஒரு பையன் கெடைச்சாரு. நல்ல பையன், பேச்சுல அவ்வளவு மரியாதை. "நீங்க பிளேன் ஏறினாப் போதும் மேடம், மீதி எங்க பொறுப்பு"ன்னாரு. ஒரு லிஸ்ட் அனுப்பினாரு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பந்தக்கால், அரசாணிக்கால், வர்ணம் அடிச்ச பானை, வாழை மரம், ஐயர், மேளம், ஐநூறு பேருக்கு டிபன், சாப்பாடு, தாம்பூலப் பை. கல்யாணச் சாமான் வாங்கறப்ப மொதல்ல வாங்கற உப்பும் மஞ்சளும்கூட அதுல இருந்துச்சு. வேணும்னா டிக் போடணும், வேணாம்னா விட்டுடணும்.

ஒரு சனிக்கிழமை காலையில அச்சடிச்சு எடுத்து, காபியோட உக்காந்து பச்சைப் பேனாவை எடுத்தேன். இருபத்திமூணாவது வரி இப்பிடி இருந்துச்சு: "தாய்மாமன் மாலை, சீர்த்தட்டு பதினொன்று, தட்டு தூக்க ஆட்கள்."

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பொண்ணு கழுத்துல விழற மொத மாலை தாய்மாமன் மாலை. அவன் போட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் அவ மணையேறணும். சீர்த்தட்டை அவன் வீட்டு சனம் தூக்கிட்டு வரணும். இது எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் டிக் போட்டேன்.

ஏன்னா அந்த வருஷம் புடுங்கிப் போட்ட மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மழையில நனைஞ்சு மொளைச்சுப் போச்சுன்னு தம்பி சொல்லியிருந்தான். பாவம், அவனுக்கு ஏன் இந்தக் கஷ்டம்னு நெனச்சேன். அவன் வந்து நின்னாப் போதும், மாலையைப் பாஸ்கர் ஆளு கையில குடுப்பான், இவன் வாங்கிப் போட்டுடட்டும். நல்லது பண்றோம்னு மனசுக்குள்ள ஒரு பெருமைகூட இருந்துச்சு. மொத்த லிஸ்டையும் போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டேன். கீழ எழுதினேன்: "எல்லாம் ரெடி. யாருக்கும் எந்த வேலையும் இல்ல. எல்லாரும் நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு வந்தாப் போதும்."

அத்தை பொண்ணுங்க, பெரியப்பா பசங்க எல்லாம் கைகூப்பி அனுப்பினாங்க. ஏழுமலை பாத்துட்டான்னு மட்டும் காட்டுச்சு.

4

வாரா வாரம் ஞாயித்துக்கிழமை, நான் தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நேரமாப் பாத்துக் கூப்பிடுவான். அந்த ஞாயிறு கூப்பிடல. அடுத்த ஞாயிறும் கூப்பிடல. நான் பண்ணினா அவன் பொண்டாட்டி கஸ்தூரிதான் எடுப்பா. "நெலத்துல இருக்காரு அண்ணி." மூணு தடவை அதே பதில். நாலாவது தடவை கஸ்தூரிக்கே பொறுக்கல.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. டீக்கடைல நாலு பேர் கேட்டாங்களாம், அக்கா பொண்ணு கல்யாணமாமே, சீரு எப்ப எடுக்கறேன்னு. அந்த நேரம்தான் போன்ல உங்க லிஸ்டைப் பாத்துட்டு இருந்திருக்காரு. டீயை அப்பிடியே வெச்சிட்டு எழுந்து வந்துட்டாரு. அன்னிலேர்ந்து கடைப் பக்கமே போவல."

எனக்கு சுருக்குனுச்சு. என்ன பண்ணியிருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

மறுநாள் வேலையில என் மேலதிகாரி பிர்கிட், ஏன் முகம் இப்பிடி இருக்குன்னு கேட்டா. சொன்னேன். சொல்றதே பெரும்பாடு. இங்க தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே சொல்லு. பொண்ணோட மாமாவுக்கு ஒரு மாலை உண்டு, அதை நான் கடையில ஆர்டர் பண்ணிட்டேன், அதனால அவன் பேச மாட்டேங்கறான்னு சொன்னேன். பிர்கிட் யோசிச்சுட்டு, "அவருக்கு வேலை மிச்சம்தானே? சந்தோஷப்படணுமே"ன்னா. அவ தப்பா ஒண்ணும் சொல்லல. நானும் அதையேதான் நெனச்சு டிக் போட்டேன். ஏழுமலையோட அக்காவா இல்லாம, பிர்கிட் மாதிரி நெனைக்க ஆரம்பிச்சிட்டேன்னு அப்ப ஒரு பயம் வந்துச்சு.

பாஸ்கர்கிட்ட இருபத்திமூணை எடுத்துடச் சொன்னேன். "ஓகே மேடம்"னாரு. தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன்: "அதை கேன்சல் பண்ணிட்டேன். மாலை நீயே எடுத்துட்டு வந்துடு." அனுப்பினப்பறம் படிச்சுப் பாத்தா, அதுவும் ஒரு ஆர்டர் மாதிரிதான் இருந்துச்சு.

அப்பா இல்ல, அம்மா இல்ல. எனக்கு அம்மா வீடுன்னா இவன் ஒருத்தன்தான். இவன் வரலன்னா என் பொண்ணு என் கூடப்பொறந்தவன் இல்லாம மணையேறுவா. ஆபீஸ்ல அந்த அம்மா போட்ட கோடு அப்ப ஞாபகத்துக்கு வந்துச்சு. சிரிப்பு வரல.

5

கல்யாணத்துக்குப் பதினாறு நாளைக்கு முந்தி ஊருக்குப் போனோம். ரெண்டாம் நாள் காலையில தட்டுல வெத்திலைப் பாக்கு, பழம், பூ, பத்திரிகை எல்லாம் எடுத்துக்கிட்டு நானும் சேகரும் அடி அண்ணாமலைக்குப் போனோம். லிஸ்டையும் மடிச்சுக் கைப்பைல வெச்சிருந்தேன்.

ஏழுமலை வாசல்லதான் நின்னான். குட்டியானை வண்டிக்குத் தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டு இருந்தான். எங்களைப் பாத்ததும் குழாயை மூடிட்டு, கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டு, "வாங்க, உக்காருங்க"ன்னான். சேகருக்கு அப்பிடித்தான் எப்பவும் சொல்வான். என்னைப் பாத்து, "நீங்களும் உக்காருங்க"ன்னான்.

என்னோட அம்பத்திரெண்டு வயசுல மொத தடவையா என் தம்பி எனக்கு மரியாதை குடுத்தான். நாலு அடி வாங்கியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

பத்திரிகையை நீட்டினேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். "வந்துடறோங்க. பத்திரிகை வெச்சிட்டீங்க, வராம இருப்பமா? வந்து சாப்ட்டுட்டுப் போறோம்"னான்.

"ஏழுமல, அந்த மாலையை கேன்சல் பண்ணிட்டேன்டா."

"தெரியுங்க. மெசேஜ் பாத்தேன்." துண்டை மடிச்சு மடிச்சு சின்னதாக்கினான். "டிக் போட்டதும் நீங்க, கேன்சல் பண்ணதும் நீங்க. இதுல நான் எங்க இருக்கேன்? ஊர்ல கேக்கறாங்க, தாய்மாமன் எங்கன்னு. கான்ட்ராக்டர்கிட்ட இருக்கான்னு சொல்லட்டுமா?"

சேகர் வாயைத் தொறந்தாரு, நான் வேணாம்னு கையக் காட்டினேன். கஸ்தூரி காபி கொண்டாந்தவ நிலைப்படியிலயே நின்னுட்டா. கைப்பைலேர்ந்து லிஸ்டை எடுத்தேன். "தப்புதான்டா. எனக்குத் தெரிஞ்சு பண்ண தப்பு. இந்தா, நாப்பத்தியொண்ணும் உன்கிட்டயே இருக்கட்டும். நீ எப்பிடி சொல்றியோ அப்பிடி. எனக்கு ஒண்ணும் தெரியல"ன்னு அழுதுட்டேன். அழறது எனக்குப் பழக்கம் இல்ல, மூக்கு வேற ஒழுவுது, கர்ச்சீப் இல்ல.

அவன் காகிதத்தை வாங்கி மொத வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சான். நிதானமா. நடுவுல ஒரு எடத்துல, "சாம்பார்ல முருங்கக்காயா? ஐநூறு பேருக்குமா?"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். சட்டைப்பைலேர்ந்து பேனாவை எடுத்து, வண்டி சீட்டு மேல காகிதத்தை வெச்சு, இருபத்திமூணாவது வரியில இருந்த என் டிக்கை அடிச்சான். ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. மடிச்சு என் கையில குடுத்தான்.

"மத்ததெல்லாம் அவங்களே பாக்கட்டும். எனக்கு அது வேணாம்."

"அப்ப மாலை?"

"பாக்கலாங்க"ன்னான். குழாயைத் தொறந்துட்டு வண்டியக் கழுவப் போயிட்டான்.

6

பதினாலு நாள் ஓடிப்போச்சு. பந்தக்கால் நட்டாங்க, நலங்கு வெச்சாங்க. கஸ்தூரி வந்தா, போனா. அவன் நலங்குக்கு வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனான். மாலையைப் பத்தி அவனும் பேசல, நானும் கேக்கல. கேட்டா அதுவும் ஆர்டர் ஆயிடுமோன்னு பயம்.

முகூர்த்தம் காலையில ஆறுலேர்ந்து ஏழரை. மண்டபம் கிரிவலப் பாதையிலதான், எங்க ஊர்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆறே முக்காலுக்கு ஐயர் பொண்ணைக் கூப்பிடச் சொன்னாரு. உன்னா கூறைப்புடவையில மணமகள் ரூம் வாசல்ல வந்து நின்னா. கழுத்துல மாலை இல்ல. மாமன் வரல. அவன் வீட்லேர்ந்து ஒருத்தரும் வரல. போன் பண்ணினேன், அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஏழு மணி. மாப்பிள்ளை மேடையில உக்காந்து கதவையே பாக்கறாரு. முன் வரிசையில முணுமுணுப்பு ஆரம்பிச்சுது. பாஸ்கர் மெதுவா என் பக்கத்துல வந்தாரு. கையில ஒரு கவர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு சொல்லி வெச்சேன் மேடம். நல்ல ரோஜா மாலை. போட்டுடலாம், யாருக்கும் தெரியாது."

அவர் மேல தப்பே இல்ல. சமையலறையில நான் என் ஆளுங்களுக்கு என்ன சொல்லிக் குடுப்பேனோ அதைத்தான் அவர் பண்ணினாரு. உன்னா கவரையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. "அம்மா, மாலைதான் இருக்கே. அப்புறம் என்ன?"

அந்தக் கேள்வி என்னோடது. சனிக்கிழமை காலையில காபியோட உக்காந்து நானே எனக்குச் சொல்லிக்கிட்டது.

"மாமா வரட்டும்"னேன்.

"வரலன்னா?"

"வரலன்னா இப்பிடியே நிப்போம்."

சொல்லிட்டேனே தவிர, கண்ணு நிமிஷத்துக்கு ரெண்டு தடவை வாட்சுக்குப் போச்சு. உன்னா பக்கத்துல வந்தா. என் மணிக்கட்டைப் புடிச்சு, வாட்சை உள்பக்கமாத் திருப்பி விட்டுட்டு, கையை விடாம அப்பிடியே புடிச்சுக்கிட்டா. பாஸ்கர் கவரை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோயிட்டாரு.

அப்புறம் ரோட்ல மேளம் கேட்டுது. மண்டபத்து மேளம் இல்ல, வேற மேளம். சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. மொதல்ல எங்க ஊரு டீக்கடைக்காரர் வாழைத்தாரைத் தோள்ல வெச்சுக்கிட்டு வந்தாரு. அவர் பின்னாடி அடி அண்ணாமலைப் பொம்பளைங்க, ஆளுக்கொரு தட்டு. பதினொண்ணு இல்ல, எண்ண முடியல. கஸ்தூரி தட்டுல பட்டுப்புடவை. அவங்க நடுவுல ஏழுமலை, வெள்ளைச் சட்டை வேர்வையில தொப்பலா நனைஞ்சு முதுகுல ஒட்டியிருக்க, ரெண்டு கையிலயும் மாலையை ஏந்திக்கிட்டு வந்தான். சம்பங்கியும் ரோஜாவும், முழங்கால் வரைக்கும் தொங்கற மாதிரி.

யாரையும் பாக்காம நேரா உன்னாகிட்ட போனான். மாலையைப் போட்டான். அவ கால்ல விழுந்து எழுந்தா. கையப் புடிச்சுக்கிட்டு மேடைக்குக் கூட்டிட்டுப் போனவன், என் பக்கத்துல வந்ததும் நின்னான்.

"இன்னாக்கா, பயந்துட்டியா?"

"ஆமாண்டா. போனை எடுக்கக் கூடாதா?"

"ரெண்டு கையிலயும் மாலை. எதால எடுக்கறது?" மூச்சு வாங்கினான். "வண்டியில வந்தா அஞ்சு நிமிஷம். வரல. நடந்தேதான் வந்தோம். வழியில ஒவ்வொரு ஊட்டாண்டையும் நின்னு, எங்கக்கா பொண்ணு கல்யாணம், சீரு போவுதுன்னு சொல்லிட்டு வந்தேன். லேட்டாத்தான் ஆவும்."

அக்கான்னு கூப்பிட்டுட்டான். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் காதுல விழல. தாலி கட்டறப்ப ஏழு இருபத்தாறுன்னு சேகர் அப்புறம் சொன்னாரு. நான் வாட்சைத் திருப்பவே இல்ல.

மத்தியானம் பந்தியெல்லாம் முடிஞ்சு, பாஸ்கர் லிஸ்டோட வந்தாரு, கடைசியா ஒரு தடவை சரிபாக்கணும்னு. என் காகிதத்தையும் எடுத்தேன். ஏழுமலை பக்கத்துல உக்காந்து வெத்திலை மடிச்சுக்கிட்டு இருந்தான்.

"எல்லாம் ஆச்சு மேடம். இருபத்திமூணு மட்டும் அடிச்சிருக்கு. அதான் நல்லபடியா நடந்துடுச்சே, டிக் போட்டுடட்டுமா?"

"அது உங்க லிஸ்டுல வராதுப்பா"ன்னான் ஏழுமலை.

என் காகிதத்தை எடுத்து மடிச்சு என்கிட்ட நீட்டினான். "நீ இதைக் கண்ணுல படற எடத்துல ஒட்டி வெச்சிக்கக்கா. நாளைக்கு வளைகாப்புன்னு ஒண்ணு வரும். மறுபடியும் பச்சைப் பேனாவை எடுத்துட்டு உக்காந்துடப் போற."

அதான் ஃப்ரிட்ஜ்ல இருக்கு.